மகிழ்ச்சிக்குத் தனிக் கணக்கு

(படாளத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மகிழ்ச்சியின் உளவியல் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். படாளத்தில் இந்தத் தலைப்பில் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். சர்க்கரை ஆலை இருக்கும் ஊர் இது. கட்டிங் ஆர்டர் எப்போது வரும், வெட்டுக்கூலி இந்த வருஷம் எவ்வளவு கேட்பார்கள், பில் பணம் எப்போது வங்கிக் கணக்கில் ஏறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி இந்த அவையில் பலர் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களிடம் வந்து "எப்போதும் சிரித்த முகமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் பொன்னாடையோடு நான் பஸ் ஏறினால் அது மரியாதை ஆகாது. ஆகவே கரும்பிலிருந்தே தொடங்குகிறேன்.

2013-ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ என்ற நால்வர் எழுதியது. முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா போனவர். அந்தக் கட்டுரையின் ஒரு பாதி விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகளைப் பற்றியது. 54 கிராமங்களில் 464 பேர். உலகத்தில் இத்தனை பயிர் இருக்க, கரும்பை ஏன் பிடித்தார்கள்? கரும்புக்காரருக்கு வருமானம் ஆண்டுக்கு ஒரு தரம் மொத்தமாக வருகிறது. வெட்டுக்கு முன்னால் கை வறண்டு கிடக்கும்; பணம் வந்தபின் கொஞ்ச நாள் காசு புரளும். ஆள் அவரேதான், படிப்பும் மூளையும் அவருடையவைதான். கைச்செலவுக்கு இருப்பது மட்டும் மாறுகிறது. ஒரே மனிதரை இரண்டு நிலையிலும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

இன்னொரு வசதி உங்களுக்கே நன்றாகத் தெரிந்தது. ஆலையால் எல்லாக் கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. வெட்டு உத்தரவு மாதக்கணக்கில் முன்பின்னாக வருகிறது. ஒரே மாதத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், வரப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர் இன்னும் காத்திருப்பார். ஆக, வித்தியாசம் தென்பட்டால் அதற்கு வெயிலையோ மழையையோ பொங்கலையோ காரணம் சொல்ல முடியாது.

அவர்களுக்கு வைத்த சோதனைகள் எளிமையானவை. ஒன்று, கட்டங்களில் வரிசையாகப் படங்கள். விட்டுப்போன படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மற்றொன்றில் எண்கள். 5 5 5 என்று எழுதிக் காட்டினால் எத்தனை எண் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். விடை மூன்று. வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். அதை அடக்கி மூன்று என்று சொல்ல மனம் ஒருமுகப்பட வேண்டும். அறுவடைக்கு முன்பு இரண்டு சோதனையிலும் தடுமாறியவர்கள், அறுவடைக்குப் பின்பு தெளிவாகச் செய்தார்கள். இடையில் அவர்கள் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு அது 4 ஆகக் குறைந்தது. அடகுக்கடைத் தவணையும் வட்டியும் மூளையின் ஒரு பெரும் பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். "அவனுக்கு மட்டு புத்தி, அதனால்தான் ஏழையாக இருக்கிறான்" என்று பேசும் வாய்களுக்கு அந்தக் கட்டுரையின் தமிழாக்கத்தை அச்சடித்துக் கொடுக்கலாம்.

இதைப் படித்தவர்கள் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள். கவலை தீர்ந்தால் மகிழ்ச்சி தானாக வந்துவிடும் என்பார்கள். கடன் அடைந்தபிறகு, பெண்ணைக் கட்டிக்கொடுத்தபிறகு, பையனுக்கு வேலை கிடைத்தபிறகு. நம் வீடுகளில் மகிழ்ச்சி எப்போதும் ‘பிறகு’தான். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். இன்றைய பேச்சில் நான் சொல்ல வந்ததே இதுதான்: துன்பத்துக்கு ஒரு கணக்கு, மகிழ்ச்சிக்கு வேறொரு கணக்கு. ஒன்றில் பாக்கி தீர்ந்தால் மற்றொன்றில் வரவு ஏறிவிடாது.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. நார்மன் பிராட்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்களிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். சமீப நாட்களில் எதிலாவது ஆர்வம் பொங்கியதா, எதையாவது செய்து முடித்துப் பெருமைப்பட்டீர்களா என்பது போல ஐந்து. தனிமையாக உணர்ந்தீர்களா, சலிப்பாக இருந்ததா என்பது போல ஐந்து. முதல் ஐந்துக்கு ‘ஆம்’ என்றவர் அடுத்த ஐந்துக்கு ‘இல்லை’ என்பார் என்றுதான் யாரும் நினைப்போம். அப்படி வரவில்லை. ஒருவரின் துன்பக் கணக்கைத் தெரிந்துகொண்டு அவருடைய இன்பக் கணக்கைச் சொல்ல முடியவில்லை. ஒரே நொடியில் இரண்டும் உச்சத்தில் இருப்பது அரிது, ஆனால் வாரம், மாதம் என்று சேர்த்துப் பார்த்தால் தனித்தனியாகத்தான் போகின்றன என்று பின்னால் எட் டீனரும் ராபர்ட் எம்மன்ஸும் காட்டினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருப்பீர்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது, திண்ணையில் யாராவது இறந்தவர் செய்த குறும்பு ஒன்றை எடுத்துவிடுவார். பங்காளிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உள்ளே அழுது ஓய்ந்த பெண்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். துக்கம் குறைந்துவிட்டதா? இல்லை. அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. சிரிப்பு வேறு கணக்கில் ஏறுகிறது.

சரி, அந்த இரண்டாவது கணக்கு எதற்கு? பயத்துக்குப் பயன் உண்டு, ஓடித் தப்பிக்கலாம். கோபத்துக்கும் பயன் உண்டு, எதிர்த்து நிற்கலாம். மகிழ்ந்தால் என்ன லாபம்? பார்பரா ஃபிரெட்ரிக்ஸன் என்ற உளவியலாளர் 1998-இல் இந்தக் கேள்வியைக் கேட்டே ஒரு கட்டுரை எழுதினார். பயமும் கோபமும் மனதை ஒரே வழியில் குறுக்குகின்றன. மகிழ்ச்சி, ஆர்வம், நிறைவு போன்றவை பார்வையை விரிக்கின்றன. விரிந்த பார்வையில் புதிய வழி தெரிகிறது, புதிய ஆட்கள் நண்பர்களாகிறார்கள், கைத்திறன் கூடுகிறது. மகிழ்ச்சி வடிந்த பிறகும் அவை நம்மோடு தங்குகின்றன. இதுதான் அவர் வாதம்.

அவருக்கு முன்பே ஆலிஸ் ஐசன் என்பவர் 1987-இல் ஒரு சோதனை வெளியிட்டிருந்தார். ஒரு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகள். மெழுகு தரையில் சொட்டாதபடி வத்தியைச் சுவரில் ஏற்ற வேண்டும். சிலருக்கு மட்டும் முன்னதாகக் கொஞ்ச நேரம் சிரிப்புப் படம் போட்டுக் காட்டினார்கள். ஆணிகளைக் கொட்டிவிட்டு, அந்தப் பெட்டியையே சுவரில் அடித்து அதன் மேல் வத்தியை நிறுத்தலாம் என்று அவர்களில்தான் பலருக்குத் தோன்றியது. மற்றவர்கள் கண்ணுக்குப் பெட்டி என்பது ஆணி போட்டு வைக்கிற பாத்திரமாகவே தெரிந்துகொண்டிருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் பிள்ளைகளை மிரட்டும் பெற்றோர் இந்த மெழுகுவத்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குறுக்குப் பேச்சு. இந்தத் துறையில் போலிக் கணக்கும் நடந்திருக்கிறது. ஒரு கெட்ட உணர்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நல்ல உணர்ச்சி என்ற விகிதம் இருந்தால் மனிதன் செழிப்பான் என்று ஃபிரெட்ரிக்ஸனும் மார்ஷியல் லொசாடாவும் 2005-இல் கணிதச் சமன்பாடு போட்டு எழுதினார்கள். உலகமெங்கும் நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் அந்த எண் ஓடியது. நடுவயதில் பகுதிநேரமாக முதுகலை படிக்க வந்த நிக் பிரவுன் என்ற மாணவருக்கு அந்தக் கணக்கு உறுத்தியது. இயற்பியலாளர் ஆலன் சோக்கலையும் உளவியலாளர் ஹாரிஸ் ஃபிரீட்மனையும் சேர்த்துக்கொண்டு 2013-இல் அதைக் கிழித்துக் காட்டினார். சமன்பாடு பின்வாங்கப்பட்டது. மகிழ்ச்சிக்குச் சூத்திரம் விற்கிற புத்தகங்களைப் பார்த்தால் இந்தக் கதையைச் சொல்லிக் காசை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள். பின்வரிசை மாணவர்கள் இதில் வேறொரு சேதியையும் எடுத்துக்கொள்ளலாம்: கேள்வி கேட்டவர் பேராசிரியர் இல்லை.

இவர்கள் எல்லோருக்கும் மிக முந்தியவர் ஒருவர் நம்மிடம் இருக்கிறார், தொல்காப்பியர். முகத்தில் தெரியும் அடிப்படை உணர்ச்சிகள் என்று உளவியலாளர் பால் எக்மன் ஆறு சொன்னார். அதில் சந்தேகமில்லாமல் இனிமையானது மகிழ்ச்சி ஒன்றுதான். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு சொல்கிறது. நகையும் பெருமிதமும் உவகையும் மருட்கையும் அந்த எட்டில் சரிபாதி. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்றும் நான்கு நான்காகச் சொல்லியிருக்கிறது. பெருமிதத்தின் பிறப்பிடங்களில் கல்வியும் அஞ்சாமையும் புகழும் இருப்பதில் வியப்பில்லை. நான்காவதாகக் கொடையும் இருக்கிறது. 2008-இல் எலிசபெத் டன்னும் கூட்டாளிகளும் கனடாவில் சிலரிடம் காலையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்கும் பாதிப் பேரை அடுத்தவருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் அடுத்தவருக்குச் செலவழித்தவர்களே அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள். தொகை பெரிதா சிறிதா என்பது பொருட்டாகவில்லை. அறக்கட்டளை நிறுவியவர்கள் முன்வரிசையில் இருப்பதால் முகத்துதியாகப் படலாம். பரவாயில்லை, உண்மைதானே.

நகைக்கு ஒரு சாட்சி இங்கிருந்து கிழக்கே கடற்கரையில் நிற்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் போனால் எல்லோரும் யானைகளைப் பார்ப்போம், தவசியைப் பார்ப்போம். யானையின் காலடியில் ஒரு பூனை இருக்கிறது. முன்னங்கால் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி, மேலே தவம் செய்கிறவரைப் போலவே நிற்கிறது. சுற்றிலும் எலிகள். தவசிப் பூனையை நம்பி வந்தவை. ஏழாம் நூற்றாண்டில், பல்லவ அரசன் செலவில், கங்கையோ தவமோ என்று அறிஞர்கள் இன்றும் வாதாடும் அத்தனை பெரிய காட்சிக்குள் ஒரு சிற்பி இந்தக் கேலியைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஆயிரத்து முந்நூறு வருஷமாக அந்த நகைச்சுவை வேலை செய்கிறது. அவன் வயிற்றுப்பாட்டுக் கவலையெல்லாம் தீர்ந்த பிறகுதான் உளியை எடுத்தானா?

உளி என்றதும் இன்னொருவர் பெயரைச் சொல்ல வேண்டும். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஹங்கேரியக் குடும்பத்தவர், சிகாகோவில் பணியாற்றிய உளவியலாளர். ஓவிய மாணவர்கள் பசி தூக்கம் மறந்து வரைகிறார்கள், படம் முடிந்ததும் அதைச் சுவரோரம் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள் என்பதைக் கவனித்தார். இன்பம் முடிந்த படத்தில் இருக்கவில்லை, வரைவதில் இருந்தது. வேலை மிகச் சுலபமாக இருந்தால் சலிப்பு, மிகக் கடினமாக இருந்தால் பதற்றம்; திறமைக்குச் சற்றே சவாலாக இருந்து, செய்கிறது சரியா தப்பா என்று உடனுக்குடன் தெரிந்தால் மனம் அதில் கரைந்துபோகிறது என்றார். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியில் படித்தவர்களிடமோ கடற்கரைச் சாலைப் பட்டறைகளில் இருப்பவர்களிடமோ கேட்டால் இதைப் புத்தகம் இல்லாமலே சொல்வார்கள். தட்டும்போது கல் எழுப்பும் ஓசையை வைத்தே அது ஆண் கல்லா பெண் கல்லா, உள்ளே பிளவு ஓடுகிறதா என்று சொல்லிவிடுகிற தொழில் அது. ஒவ்வொரு அடிக்கும் கல் பதில் சொல்கிறது. காதும் கையும் அங்கே இருக்கும்போது மனம் வேறெங்கே போகும்?

1989-இல் சிக்சென்ட்மிஹாயியும் ஜூடித் லெஃபெவ்ரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கை உண்டு. வேலைக்குப் போகிறவர்களிடம் ஒலிக்கும் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் மனநிலையைக் குறிக்கச் சொன்னார்கள். இப்படிக் கரைந்துபோன கணங்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் அதிகம் வந்தன. ஆனால் வேலையில் இருக்கும்போது ‘இப்போது வேறெங்காவது இருந்தால் தேவலை’ என்றுதான் எழுதினார்கள். நமக்கு எது இனிக்கிறது என்பதை நாமே சரியாகக் கணிப்பதில்லை.

சர்க்கரையிலும் இதே கதைதான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் எலிகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய இல்லாமல் செய்தார். எலிகள் உணவைத் தேடிப் போவதை நிறுத்திவிட்டன. ஊட்டாவிட்டால் பட்டினி கிடக்கும். ஆனால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் முன்போலவே சப்புக்கொட்டின. ஆக, வேண்டும் என்ற தவிப்பு வேறு, ருசிக்கிற இன்பம் வேறு. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடு. கைப்பேசியில் ரீல்ஸ் தள்ளித் தள்ளி இரவு ஒரு மணி ஆக்குகிறோமே, அதில் பெரும்பகுதி தவிப்பு. ரசித்த வீடியோ எது என்று காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது.

ரசிப்பதற்கு நின்று பார்க்க வேண்டும். அதற்கு நீங்கள் தூரம் போக வேண்டியதில்லை. படாளம் கூட்டு ரோட்டில் திரும்பி வேடந்தாங்கலுக்குப் போகிற கார்களை ஒவ்வொரு மார்கழியிலும் பார்க்கிறீர்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஏரிக்கரையில் வேகமாக நடந்து, கோபுரத்தில் ஏறி, படம் எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். நான் கரையில் ஓரிடத்தில் நின்று ஒரே ஒரு கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்குவளை நாரை ஒன்று வெயில் வரும் பக்கம் முதுகைக் காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்து, குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டிருந்தது. வெயில் நகர நகர அதுவும் அடி மாற்றி நகர்ந்தது. நிழல் குஞ்சுகளை விட்டு விலகவே இல்லை. மருட்கை பிறக்குமிடங்களில் பெரியதோடு சிறியதையும் தொல்காப்பியம் சேர்த்திருப்பதன் நியாயம் எனக்கு அங்கே விளங்கியது. டேக்கர் கெல்ட்னரும் ஜொனாதன் ஹைட்டும் 2003-இல் பிரமிப்பைப் பற்றி எழுதியபோது பிரம்மாண்டத்தைத்தான் முன்னே வைத்தார்கள்.

அந்த நாரைகள் இன்று அங்கே இருப்பதற்குக் காரணம் அரசாங்கம் மட்டுமில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் கவுல் என்ற எழுத்து உத்தரவு வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிறாரே, அதே பிளேஸ் துரைதான். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அது முதல் கணக்கு. ஆனால் உரத்துக்காக மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் ஒரு ஊர் இருக்குமா? வந்த விருந்தாளியைக் கலைக்கக் கூடாது என்கிற பிரியமும் சேர்ந்தால்தான் முடியும். 2022-இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் ஏறின. ஊர் அந்த வேலையை இருநூறு வருஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏழ்மையிலும் மகிழ்ச்சி உண்டு என்று சொன்னால், அப்படியானால் ஏழ்மை இருக்கட்டுமே என்று கிளம்புகிறவர்கள் உண்டு. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவின் சேரிவாசிகள், நடைபாதைவாசிகள், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரைப் பேட்டி கண்டு 2001-இல் எழுதினார்கள். குடும்பம், நட்பு, தங்கள் ஒழுக்கம் ஆகியவற்றில் நிறைவு உண்டு என்றார்கள் அவர்கள். ஒட்டுமொத்த வாழ்க்கை குறித்த நிறைவோ வசதியுள்ளவர்களைவிடக் குறைவுதான். இரண்டு கணக்கு என்று நான் சொல்வதன் பொருள் இதுவே. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

ஆகவே என் வேண்டுகோளும் இரண்டு. முதலாவது, 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேரும். எந்த ஆலையாக இருந்தாலும் இதைக் கேட்பது விவசாயியின் உரிமை, விழுப்புரம் ஆய்வின்படி பார்த்தால் மூளைக்கான மருத்துவமும் அதுதான். சங்கங்கள் இதை விடாமல் கேட்க வேண்டும். இரண்டாவது, கிராம சபைக் கூட்டங்களில் சாலை, குடிநீர், தெருவிளக்கு என்று முதல் கணக்கை மட்டுமே எழுதுகிறோம். அடுத்த கூட்டத்தில் ஏரிக்கரையில் பெரியவர்கள் உட்கார ஓர் இடம், பெண் பிள்ளைகளும் விளையாட ஒரு திடல், பள்ளிப் பிள்ளைகளை வருஷம் ஒரு தரம் வேடந்தாங்கலுக்கு அழைத்துப்போக ஒரு ஏற்பாடு என்று மூன்று வரி சேருங்கள். போய் வந்த பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் கட்டுரை கேட்காமல் இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிய இந்த அவையில் ஒருவர் எழுந்தால் போதும், வழிமொழியப் பின்வரிசை இருக்கிறது.